பேட்டரிக்குக் காற்று, குழந்தைக்குக் காப்பு
இன்வெர்ட்டர் பேட்டரியைப் பாதுகாப்பாகக் கையாள்வது பற்றிய ஒரு பாடம்

கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல் 1940 ஆம் ஆண்டில் மூணாறுக்கு அருகே இயங்கத் தொடங்கியது. 1976 இல் தொடங்கப்பட்ட இடுக்கித் திட்டத்தின் நிறுவுதிறன் 780 மெகாவாட். மாநிலத்துக்கே மின்சாரம் அனுப்பும் இம்மாவட்டத்தில்தான், தென்மேற்குப் பருவமழை வலுக்கும் நாட்களில் மரக்கிளை முறிந்து கம்பியின்மேல் விழுந்தால், மறையூரிலும் வட்டவடையிலும் வண்டிப்பெரியாற்றிலும் வீடுகள் மணிக்கணக்கில் இருளில் கிடக்கின்றன. பாலக்காட்டில் நிலைமை வேறு. அங்கே கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது மின்விசிறி நின்றால் முதியவர்களும் கைக்குழந்தைகளும் தவித்துப் போகின்றனர். ஆகவே மலையிலும் சமவெளியிலும் இன்வெர்ட்டர் இல்லாத வீடும் கடையும் குறைந்துவருகின்றன.

இன்வெர்ட்டருக்கு மட்டுமன்று, காட்டுயானையைத் தடுக்கத் தோட்டங்களைச் சுற்றி அமைக்கப்படும் சூரிய மின்வேலிக்கும், எஸ்டேட் ஜீப்புக்கும், வாளையாறு வழியே செல்லும் சரக்கு லாரிக்கும், வங்கிக் கிளையிலுள்ள கணினிகளுக்கும் பின்பலமாக நிற்பது பெரும்பாலும் ஒரே பொருள்தான். அது ஈய-அமில பேட்டரி. 1859 இல் பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்தோன் பிளான்டே உருவாக்கிய இதன் அடிப்படை இன்றளவும் மாறவில்லை. விலை குறைவு, பழுது பார்ப்பது எளிது, பழையதானாலும் விலை போகும் என்பன இதன் சிறப்புகள்.

இப்பொருளால் நேரக்கூடிய கேடுகள் இரு வேளைகளில் வருகின்றன. பேட்டரி உழைத்துக்கொண்டிருக்கும்போது வருவது வாயுவும் நெருப்பும் அமிலமும். அது உழைத்து ஓய்ந்தபின் வருவது காரீய நஞ்சு. முதலாவது கண்ணுக்குத் தெரியும். அதனால் ஓரளவேனும் அஞ்சுகிறோம். இரண்டாவது கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கும் நாவுக்கும் எட்டாது. ஆனால் அதுவே குழந்தைகளைத் தாக்குவது. இவ்விரண்டையும் தடுக்க நாம் செய்யவேண்டியதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: உழைக்கும் பேட்டரிக்குக் காற்றோட்டம் கொடுங்கள், ஓய்ந்த பேட்டரியை உடைக்காமல் முழுதாகத் திருப்பிக் கொடுங்கள். ஏன் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

1. பெட்டிக்குள் இருப்பது என்ன?

12 வோல்ட் பேட்டரி ஒன்றைத் திறந்து பார்த்தால் ஆறு அறைகள் இருக்கும். ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2 வோல்ட் தரும் ஒரு மின்கலம். காரீயத் தகடுகளும் காரீய ஆக்சைடு பூசிய தகடுகளும் மாறி மாறி நிற்க, அவற்றைச் சுற்றி நீர் கலந்த கந்தக அமிலம் நிரம்பியிருக்கும். வீடுகளில் பரவலாக உள்ள 150 ஆம்பியர்-மணி திறனுடைய குழாய்வகை பேட்டரி 50 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அந்த எடையில் பாதிக்கும் மேல் காரீயம். அதாவது, மாடிப்படியின் அடியில் நாம் வைத்திருக்கும் அந்தப் பெட்டிக்குள் ஏறத்தாழ 30 கிலோ காரீயமும் பல லிட்டர் அமிலமும் உள்ளன.

இங்கே ஒரு சொல் விளக்கம் தேவை. தமிழில் ஈயம் என்ற சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. பாலக்காட்டுத் தமிழ் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் பூசவேண்டியதும் வெள்ளீயமே. பேட்டரியில் இருப்பது காரீயம்; அது நஞ்சு. இரண்டும் வெண்சாம்பல் நிறம், இரண்டும் எளிதில் உருகும், காரீயம் விலை மலிவு. எனவே பழைய பேட்டரியிலிருந்து உருக்கிய காரீயம் பாத்திரத்துக்கோ சொம்புக்கோ கலப்படமாக வந்து சேர்ந்தால், புளி சேர்த்த உணவு அதைக் கரைத்து உடலுக்குள் செலுத்திவிடும். ஈயச்சொம்பு வாங்குவோர் நம்பகமான கடையில், தூய வெள்ளீயம் என்ற உறுதியுடன் மட்டுமே வாங்க வேண்டும். இப்பாடத்தில் நஞ்சைப் பற்றிப் பேசுமிடங்களில் காரீயம் என்ற சொல்லையே பயன்படுத்துகிறோம்.

2. நெருப்பு எங்கிருந்து வருகிறது?

பேட்டரி முழுமையாக மின்னேற்றம் பெற்ற பின்னும் மின்னோட்டம் தொடர்ந்தால், அந்த ஆற்றல் அமிலத்திலுள்ள நீரைப் பிரிக்கத் தொடங்கும். நீரிலிருந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழ்களாக வெளிப்படும். 12 வோல்ட் பேட்டரியில் மின்னழுத்தம் 14.4 வோல்ட்டை நெருங்கும்போது இக்குமிழ்கள் பெருகும். மூடியருகே காது வைத்தால் கேட்கும் மெல்லிய கொதிப்பு ஓசை இதுவே.

ஹைட்ரஜன் நிறமற்றது, மணமற்றது. காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே அது தீப்பற்றும். 75 விழுக்காடு வரை அந்த அபாயம் நீடிக்கும். அதைப் பற்றவைக்கத் தீக்குச்சி தேவையில்லை. சுவிட்சில் தோன்றும் சிறு பொறியோ, தளர்ந்த முனையில் ஏற்படும் பொறியோ போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மிகையாகப் பாயும் ஒவ்வோர் ஆம்பியர்-மணிக்கும் ஒரு மின்கலத்திலிருந்து ஏறத்தாழ 0.42 லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும். ஆறு மின்கலங்களுக்கு 2.5 லிட்டர். பழுதான மின்னேற்றி ஒன்று, நிறைந்துவிட்ட பேட்டரிக்குள் 10 ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் செலுத்தினால் 25 லிட்டர் ஹைட்ரஜன் உண்டாகும். இரண்டடி அகலமும் இரண்டடி ஆழமும் ஐந்தரை அடி உயரமும் உள்ள ஓர் அலமாரியின் கொள்ளளவு சுமார் 620 லிட்டர். அதன் 4 விழுக்காடு 25 லிட்டர். கதவை இறுக மூடிய அலமாரிக்குள் பேட்டரியை வைத்திருந்தால், ஒரே மணி நேரத்தில் தீப்பற்றும் நிலையை அது எட்டிவிடும் என்பதே இதன் பொருள். நல்ல நிலையிலுள்ள மின்னேற்றி, பேட்டரி நிறைந்ததும் மின்னோட்டத்தை மிகக் குறைத்துவிடும். அப்போது வாயு சிறிதளவே வரும். ஆனால் மின்னேற்றி பழுதாகும் நாளை நம்மால் முன்கூட்டி அறிய முடியாது. காற்றோட்டம் அந்த ஒரு நாளுக்கான காப்பு.

ஹைட்ரஜன் காற்றைவிடப் பன்மடங்கு இலேசானது. அது மேலே எழுந்து கூரையடியில் சேரும். ஆகவே கீழே ஒரு திறப்பும் மேலே ஒரு திறப்பும் இருக்குமாறு இடத்தை அமைக்க வேண்டும். கீழ்த்திறப்பு வழியே காற்று நுழைய, மேல்திறப்பு வழியே வாயு வெளியேறும். சன்னல் இருந்தும் அதற்கு மேலே கூரையடியில் மூடிய மூலை இருந்தால் வாயு அங்கே தங்கக்கூடும்.

3. மலையின் குளிரும் சமவெளியின் வெப்பமும்

ஒரே பேட்டரி, இரண்டு மாவட்டங்களில் இரண்டு வகையாகச் சோதிக்கப்படுகிறது.

இடுக்கியின் உயர்ந்த பகுதிகளில் குளிருக்கு அஞ்சி மக்கள் கதவையும் சன்னலையும் அடைக்கின்றனர். தேயிலைத் தோட்ட லயங்களில் ஒரே அறையில் அடுப்பும் படுக்கையும் இருப்பதுண்டு. அத்தகைய அறையின் மூலையில் பேட்டரியை வைத்தால், அது வெளிவிடும் வாயுவுக்கு வழியும் இல்லை, பற்றவைக்க நெருப்புக்குக் குறையும் இல்லை. இடம் எவ்வளவு சிறியதாயினும் பேட்டரியை வெளித் திண்ணைப் பக்கமாக, மழைச்சாரல் படாத, கம்பி வலை இட்ட மறைப்புக்குள் வைப்பதே தக்கது. பூசை விளக்கு, ஊதுவத்தி, விறகடுப்பு, சமையல் எரிவாயு உருளை ஆகியவற்றின் அருகே வைக்கவே கூடாது.

பாலக்காட்டின் சிக்கல் வெப்பம். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கஞ்சிக்கோடு வட்டாரங்களில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் தகரக் கூரையின்கீழ் உள்ள பேட்டரி, சுற்றுப்புறத்தைவிடவும் சூடாகிவிடும். வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர்களின் பொது விதி. வெப்பத்தில் நீர் விரைவாக ஆவியாகும்; தகடுகளின் மேற்பகுதி நீரை விட்டு வெளியே தெரியும்; அப்பகுதி காய்ந்து சூடேறும். மேலும், 25 டிகிரிக்கென அமைத்த மின்னேற்ற அழுத்தம் 40 டிகிரியில் மிகையாகிவிடும். அதை ஏறத்தாழ கால் வோல்ட் குறைக்க வேண்டும். வெப்பநிலைக்கேற்பத் தானே திருத்திக்கொள்ளும் வசதி உள்ள இன்வெர்ட்டரை வாங்கினால் இக்கவலை இல்லை.

'சீல்' செய்யப்பட்ட பேட்டரிக்குக் காற்றோட்டம் வேண்டியதில்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது தவறு. அதிலும் அழுத்தம் மிகும்போது திறக்கும் அடைப்பிதழ் உண்டு. வெப்பம் கூடினால் அது ஏற்கும் மின்னோட்டம் கூடும். மின்னோட்டம் கூடினால் வெப்பம் மேலும் கூடும். இச்சுழல் கட்டுமீறினால் பெட்டி உப்பி, உருகி, தீப்பற்றவும் கூடும். உப்பிய பேட்டரியை ஒரு நாளும் தொடர்ந்து பயன்படுத்தலாகாது.

அழுகிய முட்டையின் நாற்றம் பேட்டரியிலிருந்து வந்தால், அது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு. மிகையாக மின்னேற்றப்பட்ட அல்லது பழுதடைந்த பேட்டரியின் அடையாளம் அது. சிறிது நேரத்தில் நாற்றம் நின்றுவிட்டது எனத் தோன்றினால் ஆறுதல் கொள்ளாதீர்கள். செறிவு மிகும்போது அவ்வாயு மோப்ப உணர்வையே மழுங்கச் செய்துவிடும். வீட்டாரை உடனே வெளியேற்றி, மின்சாரத்தை முதன்மைச் சுவிட்சில் நிறுத்தி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டுத் தொழில் தெரிந்தவரை அழைக்க வேண்டும்.

மின்னேற்றம் நடக்கும் இடம் வீட்டின் வெளியேறும் வழியாக இருக்கலாகாது என்பதற்கு அண்மைக்காலத் துயரம் ஒன்று சான்று. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் மின்னேற்றத்தில் இருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்ததில் தந்தையும் பள்ளி மாணவியான மகளும் புகையால் மூச்சுத்திணறி உயிரிழந்தனர். பேட்டரி எவ்வகையாயினும் நெறி ஒன்றே: உறங்கும் அறைக்கும் வெளிவாசலுக்கும் இடையே மின்னேற்றம் வேண்டாம்.

4. பொறியும் அமிலமும்

12 வோல்ட் தொட்டால் அதிர்ச்சி தாக்காது; அதனால் பலர் பேட்டரியை விளையாட்டாகக் கையாளுகின்றனர். ஆபத்து மின்னழுத்தத்தில் இல்லை, மின்னோட்டத்தில் உள்ளது. பேட்டரியின் உள்தடை மிகக் குறைவு. இரு முனைகளுக்குமிடையே ஒரு ஸ்பேனர் விழுந்தால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயக்கூடும். கருவி நொடியில் பழுக்கக் காய்ந்து, அங்குள்ள ஹைட்ரஜனையும் பற்றவைக்கும். மோதிரமோ வளையலோ இடையில் சிக்கினால் விரலும் மணிக்கட்டும் எலும்பு வரை வெந்துபோகும். பேட்டரி வேலைக்கு முன் நகைகளையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட வேண்டும்.

வாகனத்தில் இணைப்பைக் கழற்றும்போது முதலில் எதிர்முனையை, அதாவது கறுப்புக் கம்பியைக் கழற்றுங்கள். பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டுங்கள். காரணம் எளிது. வாகனத்தின் இரும்புடல் எதிர்முனையோடு இணைந்துள்ளது. கறுப்புக் கம்பி பூட்டியிருக்கும்போது நேர்முனையில் வேலை செய்யும் ஸ்பேனர் இரும்புடலைத் தொட்டால் குறுக்குச்சுற்று ஏற்படும். மற்றொரு வண்டியிலிருந்து மின்சாரம் எடுத்து இயக்கும்போதும், கடைசி இணைப்பைப் படுத்துவிட்ட பேட்டரியின் முனையில் கொடுக்காமல், சற்றுத் தள்ளி எஞ்சின் இரும்பில் கொடுக்க வேண்டும். அப்போது எழும் பொறி ஹைட்ரஜன் இருக்கும் இடத்திலிருந்து விலகி எழும். மின்னேற்றம் நடக்கும்போது கவ்விகளைப் பிடுங்குவது பெரும் பிழை. முதலில் மின்னேற்றியை நிறுத்துக.

அமிலம் கண்ணில் தெறித்தால் ஒவ்வொரு நொடியும் பார்வைக்கு விலை. இமைகளை விரித்துப் பிடித்து, ஓடும் தூய நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவியபின் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கண்ணிலோ தோலிலோ சமையல் சோடாவை இடக்கூடாது; தரையில் சிந்திய அமிலத்தைச் செயலிழக்கச் செய்ய மட்டும் அது உதவும். தோலில் பட்டால் நனைந்த உடையைக் களைந்து நெடுநேரம் நீர் ஊற்றுங்கள்.

நீர் நிரப்புவதில் மூன்று விதிகள். காய்ச்சி வடிகட்டிய நீரையே ஊற்ற வேண்டும். கிணற்று நீரும் குழாய் நீரும் ஆகா. நீர்தான் குறைகிறது, அமிலம் அன்று. எனவே அமிலம் ஊற்றலாகாது. குறித்த கோட்டுக்கு மேல் நிரப்பினால் மின்னேற்றத்தின்போது அமிலம் பொங்கி வழியும். கோடையில் மாதம் ஒருமுறை, மற்றக் காலத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை மட்டம் பார்ப்பது போதும். அப்போது கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணியுங்கள். மட்டம் காண விளக்கையோ தீக்குச்சியையோ ஏற்றாதீர்கள், டார்ச் போதும்.

மின்வேலி அமைத்துள்ள உழவர்களுக்கு ஒரு சொல். பம்ப்செட் கொட்டகையில் வைக்கோல், பூச்சிமருந்து, டீசல் கலன் ஆகியவற்றோடு பேட்டரியையும் பூட்டி வைக்கும் வழக்கம் உண்டு. பேட்டரிக்கெனத் தனியாக, தரையிலிருந்து உயர்த்திய, காற்றோட்டமுள்ள சிறு பெட்டி அமைப்பது பெருஞ்செலவன்று.

5. ஓய்ந்தபின் தொடங்கும் ஆபத்து

நெருப்பு ஒரு நாளில் வந்து ஒரு நாளில் போகும். காரீயம் அப்படிப்பட்டதன்று.

ஓய்ந்த பேட்டரிக்கு நல்ல விலை உண்டு. காரணம், அதிலுள்ள காரீயத்தை மீண்டும் மீண்டும் உருக்கிப் பயன்படுத்தலாம். முறையான ஆலையில், மூடிய எந்திரங்களில், புகை வடிகட்டும் அமைப்புகளுடன் இது நடந்தால் உலகின் சிறந்த மறுசுழற்சிகளில் இதுவும் ஒன்று. ஆனால் கோடாரியால் பெட்டியைப் பிளந்து, அமிலத்தை ஓடையிலோ கொல்லையிலோ ஊற்றி, தகடுகளை இரும்புச் சட்டியில் இட்டு விறகுத் தீயில் உருக்குவோரும் உள்ளனர். காரீயம் 327 டிகிரியிலேயே உருகும். அந்த எளிமையே அதன் சாபம். தூண்டிலுக்கும் வீச்சுவலைக்கும் ஈயக்குண்டு வார்க்க வீட்டுக் கொல்லையில் பழைய தகட்டை உருக்குவதும் இதே வகையைச் சேர்ந்தது.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகல் தந்த பாடத்தை உலகம் மறக்கலாகாது. தலைநகர் டக்காரின் புறநகரான தியாரோய்-சுர்-மேரில் மக்கள் பல ஆண்டுகளாகப் பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயம் எடுத்துவந்தனர். காரீய விலை ஏறியபோது, மண்ணில் கலந்து கிடந்த காரீயத்தையும் சலித்தெடுக்கத் தொடங்கினர். பெண்கள் அம்மண்ணை வீட்டுக்குள்ளேயே சலித்தனர். குழந்தைகள் அருகிலேயே விளையாடினர். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தனர். முதலில் காரணம் புரியவில்லை. பின்னர் உலக சுகாதார நிறுவனமும் மற்றவர்களும் ஆய்ந்தபோது, சோதிக்கப்பட்ட 50 குழந்தைகளின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்குச் சராசரியாக 129.5 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. வெளிப்புற மண்ணில் ஓரிடத்தில் கிலோவுக்கு 3,02,000 மில்லிகிராம். அதாவது அம்மண்ணின் எடையில் 30 விழுக்காடு காரீயமே.

இந்த எண்களின் பொருளை உணர ஓர் ஒப்பீடு போதும். குழந்தையின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே கவனிக்கத்தக்கது என அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 இல் வரையறுத்தது. பாதுகாப்பான அளவு என எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தைகள் விளையாடும் மண்ணுக்கு அமெரிக்காவில் நெடுங்காலம் எச்சரிக்கை அளவாகக் கொள்ளப்பட்டது கிலோவுக்கு 400 மில்லிகிராம். அக்கணக்கின்படி ஒரே ஒரு கிலோ காரீயத் தூள் 2,500 கிலோ மண்ணை அந்த எல்லைக்குக் கெடுத்துவிடும். ஒரு பேட்டரிக்குள் இருப்பதோ ஏறத்தாழ 30 கிலோ.

6. உடலுக்குள் காரீயம் செய்வது

உடல் காரீயத்தைச் சுண்ணாம்புச் சத்து என எண்ணி ஏமாறுகிறது. அதனால் அது எலும்பில் படிந்து பத்தாண்டுகளாகத் தங்குகிறது. பெண் கருவுறும்போது எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து வெளிவர, உடன் காரீயமும் வெளிவந்து கருவிலுள்ள குழந்தையைச் சென்றடைகிறது. தாய் இளமையில் உட்கொண்ட நஞ்சைப் பிறவாத குழந்தையும் பெறுகிறது.

வளர்ந்தோர் விழுங்கும் காரீயத்தில் சிறு பகுதியே இரத்தத்தில் சேரும். சிறு குழந்தைகளின் உடலோ அதில் பாதி வரை ஈர்த்துக்கொள்ளும். இரும்புச் சத்துக் குறைந்த குழந்தையின் உடல் இன்னும் அதிகமாக ஈர்க்கும். இரத்தசோகை பரவலாக உள்ள மலைப்பகுதிகளில் இவ்வுண்மைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. கேழ்வரகும் முருங்கைக்கீரையும் பயறும் உள்ள உணவு காப்பாக உதவும். ஆயினும் அது நஞ்சுக்கு மருந்தாகாது.

குழந்தைகளிடம் காரீயம் முதலில் தாக்குவது மூளையை. கவனம் சிதறுதல், கற்பதில் பின்தங்கல், எரிச்சல், பசியின்மை ஆகியவை தோன்றலாம். பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாமலே அறிவுத்திறன் குறையும்; இழந்ததை மீட்க மருந்தில்லை. வளர்ந்தோர்க்கு இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்று வலி, மலச்சிக்கல், இரத்தசோகை, மணிக்கட்டுத் தளர்ச்சி ஆகியன நேரும். 2021 ஆம் ஆண்டில் உலகில் 15 லட்சத்துக்கு மேற்பட்ட இறப்புகளுக்குக் காரீயம் காரணம் என உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. அவற்றுள் பெரும்பாலானவை இதயம், இரத்தக்குழாய் நோய்களால் நேர்ந்தவை.

இது தொலைவிலுள்ள நாடுகளின் செய்தி மட்டுமன்று. 1990களின் இறுதியில் சென்னை உள்ளிட்ட இந்தியப் பெருநகரங்களில் ஜார்ஜ் அறக்கட்டளை நடத்திய ஆய்வில், 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோரின் இரத்தத்தில் அன்றைய எல்லையான 10 மைக்ரோகிராமைத் தாண்டிக் காரீயம் காணப்பட்டது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் துப்பில் வெங்கடேஷ் போன்றோரின் உழைப்பும் இத்தகைய ஆய்வுகளும் விழிப்புணர்வை வளர்த்தன. 2000 ஆம் ஆண்டில் இந்தியா காரீயம் கலந்த பெட்ரோலைக் கைவிட்டது. புகைக்குழாய் வழியே வந்த நஞ்சு நின்றது. ஆனால் 2020 இல் யூனிசெஃப் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் காரீயம் உள்ளதென்றும், அவர்களுள் 27 கோடிக்கு மேற்பட்டோர் இந்தியக் குழந்தைகள் என்றும் மதிப்பிட்டது. முறையற்ற பேட்டரி மறுசுழற்சியை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக அவ்வறிக்கை சுட்டியது.

பேட்டரிக் கடையிலோ பட்டறையிலோ உழைப்போர் வேலையுடையோடு வீட்டுக்குத் திரும்பி மழலையைத் தூக்கினால், நஞ்சும் உடன் வரும். வேலையிடத்திலேயே குளித்து உடைமாற்றுதல், கை கழுவாமல் உண்ணாமை, பீடி பிடிக்காமை, வேலையுடையைத் தனியாகத் துவைத்தல் ஆகியவை குடும்பத்தைக் காக்கும். 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அரசுக்கு அறிவிக்கவேண்டிய தொழில் நோய்களுள் காரீய நஞ்சை முதலாவதாகக் குறித்தது. இத்தொழிலில் உள்ளோர் மருத்துவரிடம் தம் தொழிலைத் தவறாமல் சொல்லி, இரத்தக் காரீயச் சோதனை பற்றிக் கேட்க வேண்டும். சொல்லாவிட்டால் வயிற்று வலிக்கு மட்டுமே மருந்து கிடைக்கும்.

7. சட்டமும் நம் கடமையும்

2001 ஆம் ஆண்டு பேட்டரி விதிகள், பழைய பேட்டரியைத் திருப்பித் தருவோர்க்கு விற்பனையாளர் உரிய தள்ளுபடி தர வகைசெய்தன. அவற்றுக்குப் பதிலாக 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், தாம் விற்ற பேட்டரிகள் முறையாக மறுசுழற்சி ஆவதை உறுதிசெய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்தின. நுகர்வோர்க்கும் கடமை உண்டு. ஓய்ந்த பேட்டரியை மற்றக் குப்பையோடு சேர்க்காமல் தனியாக வைத்து, சேகரிப்பிலோ மறுசுழற்சியிலோ முறையாக ஈடுபட்டோரிடம் ஒப்படைக்க வேண்டும்.

நடைமுறையில் இது எளிது. புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, விலையில் கழித்துக்கொண்டு, அதை ரசீதில் எழுதி வாங்குங்கள். தமிழ்நாட்டில் காயலான் கடை என்றும் கேரளத்தில் ஆக்கிரிக் கடை என்றும் வழங்கும் இடங்களில் சற்றுக் கூடுதல் விலை கிடைக்கலாம். அங்கிருந்து பேட்டரி யார் கைக்குப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியாவிட்டால், அக்கூடுதல் தொகை எவருடைய குழந்தையின் இரத்தத்திலிருந்து வருகிறது என்பதும் தெரியாது. அருகில் கடை இல்லாத குடியிருப்புகளில் இருப்போர், பஞ்சாயத்தின் ஹரித கர்ம சேனையினரிடம் சேகரிப்பு நாள் பற்றி விசாரிக்கலாம். அதுவரை பேட்டரியை நிமிர்த்தி, மழை படாமல், குழந்தைகள் எட்டாத இடத்தில் வைத்திருங்கள்.

8. காப்பீடும் கணக்கும்

வீட்டுக்கும் கடைக்கும் தீக்காப்பீடு பெறுவது அறிவுடைமை. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வீடுகளுக்குப் பாரத் கிருக ரக்ஷா என்றும், சிறு வணிகங்களுக்குப் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்றும் பொதுவடிவப் பத்திரங்களை வழங்குகின்றன. ஒன்றைக் கவனியுங்கள். குறுக்குச்சுற்றினாலோ தன்வெப்பத்தாலோ பழுதான அந்த மின்கருவிக்கே ஈடு கிடைக்காமல் போகலாம். அதிலிருந்து பரவிய தீயால் மற்றப் பொருள்களுக்கு நேர்ந்த இழப்பே பொதுவாகக் கணக்கில் வரும். பத்திரத்தின் விலக்குப் பகுதியைப் படித்து, ஐயங்களைக் காப்பீட்டு அலுவலரிடம் கேட்டுத் தெளியுங்கள். பேட்டரி, இன்வெர்ட்டர் ரசீதுகளையும் உத்தரவாத அட்டையையும் மற்ற ஆவணங்களோடு பத்திரப்படுத்துங்கள்.

தீ நேர்ந்துவிட்டால் பொருளைக் காக்க முயலாதீர்கள். இயன்றால் முதன்மைச் சுவிட்சை நிறுத்துங்கள், எல்லோரையும் வெளியேற்றுங்கள், 101 அல்லது 112 ஐ அழையுங்கள். தீ சிறிதாக இருந்து, வெளியேறும் வழி உங்கள் பின்னால் இருந்தால் மட்டும் உலர்தூள் அணைப்பானைப் பயன்படுத்துங்கள். மின்சாரம் நிற்காத நிலையில் நீர் ஊற்றலாகாது. அப்புகையில் அமிலமும் காரீயமும் கலந்திருக்கும், அதைச் சுவாசிக்காதீர்கள்.

வீட்டுச் சோதனை

கீழ்வரும் வினாக்களுக்கு இன்றே விடை காணுங்கள். ஒன்றுக்கேனும் விடை 'இல்லை' என்றால், முதல் வேலை அதைத் திருத்துவதே.

1. பேட்டரி உள்ள இடத்தில் கீழும் மேலும் காற்றுப் போக்குவரத்துக்கு வழி உள்ளதா?
2. படுக்கையறை, வெளியேறும் வழி, அடுப்பு, எரிவாயு உருளை, பூசை விளக்கு ஆகியவற்றிலிருந்து அது விலகி உள்ளதா?
3. முனைகள் இறுக்கமாகவும், காப்பு மூடியிட்டும், பொருக்கு இன்றியும் உள்ளனவா?
4. கடந்த மூன்று மாதங்களுக்குள் நீர்மட்டம் பார்த்தீர்களா?
5. பெட்டி உப்பாமலும் வெடிப்பு இன்றியும் உள்ளதா?
6. குழந்தைகள் அதைத் தொட முடியாதவாறு மறைப்பு உள்ளதா?
7. சென்ற முறை மாற்றிய பழைய பேட்டரி எங்கே போயிற்று என்பதற்கு ரசீது உள்ளதா?

கடைசி வினாவுக்குத்தான் பலரிடம் விடை இருக்காது. அடுத்த முறை பேட்டரி மாற்றும்போது அந்த ஒரு ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.